வியட்நாமில் கம்பெனி தொடங்கி பட்டை, அன்னாசிப்பூ வாங்கி அனுப்ப: முதல்முறை போகிறவர்களுக்கு

விருதுநகரில் எங்கள் குடும்பத்துக்கு மளிகை மொத்த வியாபாரம். பிரியாணிக்குப் போடும் பட்டை, அன்னாசிப்பூ இரண்டும் எங்கள் கடைக்குப் பெரும்பாலும் வியட்நாமிலிருந்துதான் வரும். வந்து சேர்வதற்குள் மூன்று கை மாறிவிடும். அங்கேயே ஒரு கம்பெனி தொடங்கி நேரடியாக வாங்கி அனுப்பலாம் என்று 2023 ஜூனில் ஹனோய்க்குப் போனேன். முதல் கண்டெய்னர் ஹைஃபோங் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது 2024 ஏப்ரலில். பத்து மாதம். அதில் வியட்நாம் அரசு அலுவலகங்கள் எடுத்துக்கொண்ட நாட்களைக் கூட்டினால் இரண்டு மாதம்கூடத் தேறாது. காகிதம் திரும்பி வந்தது, பணம் வங்கியில் காத்துக் கிடந்தது, நடுவில் பண்டிகை வந்தது என்று மற்ற நாட்கள் போயின. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஐந்து மாதத்தில் முடித்திருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் குடியிருந்துகொண்டு, தன் சொந்தப் பணத்தில், நூறு சதவீதம் தன் பெயரில் ஒரு சிறிய வர்த்தகக் கம்பெனி தொடங்க நினைப்பவர்களுக்கு இது பயன்படும். ஆலை கட்டப் போகிறவர்களின் வழி வேறு. இன்னொன்று: இங்கே சொல்லும் வரிசை நான் போன காலத்தது. 2025இல் அந்த நாட்டின் 63 மாகாணங்களையும் நகரங்களையும் 34 ஆகக் குறைத்தார்கள். திட்டமிடல், முதலீட்டுத் துறையை நிதித் துறையோடு சேர்த்துவிட்டார்கள். சட்டமும் அடிக்கடி திருத்தப்படுகிறது. ஆகவே எந்தப் படிவம், எந்த அலுவலகம், எது முதலில் என்பதை அங்கே வக்கீலைப் பார்க்கும் முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. கம்பெனி வேண்டுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்

வருஷத்துக்கு இரண்டு மூன்று கண்டெய்னர் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் கம்பெனி வேண்டாம். இந்தியாவில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் ஐஇசி எடுக்க 500 ரூபாய்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் இறக்குமதி உரிமத்தையும் எடுத்துக்கொண்டு அங்குள்ள ஏற்றுமதியாளரிடம் நேராக வாங்கலாம். பட்டை அறுவடைக் காலத்தில் ஒரு முறை நேரில் போய் சரக்கைப் பார்த்துவிட்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

பிரதிநிதி அலுவலகம் என்று ஒரு நடுவழியும் இருக்கிறது. அதை அமைக்க உங்கள் இந்திய நிறுவனம் குறைந்தது ஓராண்டாவது நடந்திருக்க வேண்டும். அந்த அலுவலகம் சரக்கைப் பார்க்கலாம், தரம் சோதிக்கலாம், பேச்சு நடத்தலாம். லாபம் வரும் வியாபாரம் மட்டும் செய்யக் கூடாது.

மாதம் ஒரு கண்டெய்னர் என்ற அளவுக்கு வந்தபின், தரம் பிரிப்பதையும் பொதிவதையும் கண்ணெதிரே செய்ய வேண்டும் என்றால் அப்போது கம்பெனிக்கு அர்த்தம் உண்டு.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. "எதற்கு இத்தனை அலைச்சல், என் மச்சான் பெயரில் உள்ளூர்க் கம்பெனி போட்டுவிடலாம், பணத்தை மட்டும் நீங்கள் போடுங்கள்" என்று சொல்லும் ஆட்களை ஹனோயிலும் பார்ப்பீர்கள், ஹோ சி மின் நகரத்திலும் பார்ப்பீர்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். காகிதத்தில் உங்கள் பெயர் இல்லாத கம்பெனியில் நீங்கள் போட்ட பணத்தை முதலீடு என்று எந்த வங்கியும் ஏற்காது. லாபத்தைச் சட்டப்படி ஊருக்குக் கொண்டுவரவும் வழி இருக்காது.

2. பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே இருக்கும் சிக்கல் இது. எனக்கு இதனால் மட்டும் இரண்டரை மாதம் போனது.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேமில் இருந்தன. பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்தது, என் பெயர் பின்னால் வந்தது. வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியல். நம் ஊரில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஹனோயில் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்து, அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து, "அண்ணா, குடும்பப் பெயர் எங்கே?" என்று கேட்டார். அங்கே பேச்சில் நம்மைப் போலவே அண்ணன், அக்கா, தம்பி முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். பெயர் முறைதான் வேறு: குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் கடைசியில். என் வங்கிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, "இது வேறு ஆள்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டையும் பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்:

பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி பான் கார்டையும் வங்கிக் கணக்கையும் மாற்றுங்கள். பான் திருத்தத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

வங்கி தரும் இருப்புச் சான்றில் பாஸ்போர்ட் எண்ணையும் போடச் சொல்லுங்கள். பெயரில் சந்தேகம் வந்தால் அந்த எண் காப்பாற்றும்.

இத்தனைக்கும் பிறகு பெயர் எங்காவது வேறுபட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, மற்ற காகிதங்களோடு சேர்த்து அதற்கும் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள்.

3. மூலதனத் தொகை: விசாவை வைத்து முடிவு செய்யுங்கள்

சாதாரண வர்த்தகக் கம்பெனிக்குக் குறைந்தபட்ச மூலதனம் இவ்வளவு என்று சட்டம் சொல்வதில்லை. இதைக் கேட்டுவிட்டுச் சிலர் 20,000 டாலருக்குக் கம்பெனி பதிந்துவிடுகிறார்கள். விசா வாங்கும்போதுதான் உறைக்கிறது.

முதலீட்டாளர் விசாவில் நான்கு படி. மூலதனம் 300 கோடி டோங்குக்கு (டோங் அந்த நாட்டுப் பணம்) கீழே இருந்தால் நான்காம் படி: அதிகபட்சம் ஒரு வருஷ விசா, தற்காலிகக் குடியிருப்பு அட்டை கிடையாது. 300 கோடி முதல் 5,000 கோடி டோங்குக்குள் என்றால் மூன்றாம் படி: மூன்று வருஷம் வரை குடியிருப்பு அட்டை கிடைக்கும். வேலை அனுமதிச் சீட்டிலிருந்து முதலாளிக்கு விலக்கும் இதே 300 கோடியிலிருந்துதான். நான் பணம் அனுப்பியபோது அது ஏறக்குறைய 1,23,000 டாலர், நம் கணக்கில் ஒரு கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

அங்கே தங்கி வியாபாரம் பார்ப்பதாக இருந்தால் 300 கோடி டோங் போடுங்கள். தங்கப் போவதில்லை, உள்ளூர் மேலாளர் பார்த்துக்கொள்வார் என்றால் குறைவாகப் போடலாம். ஆனால் கம்பெனியின் சட்டப்படியான பிரதிநிதி ஒருவராவது எப்போதும் வியட்நாமில் குடியிருக்க வேண்டும். இருப்பவர் ஒரே ஒருவர்தான் என்றால், அவர் நாட்டை விட்டு வெளியே போகும்போதெல்லாம் இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ஆரம்ப அலைச்சலுக்கு இ-விசா போதும். 2023 ஆகஸ்ட் 15 முதல் அது 90 நாள் செல்லும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். பலமுறை விசாவையே எடுங்கள். நடுவில் ஊருக்கு வந்துபோக வேண்டியிருக்கும்.

4. என்ன வியாபாரம் என்பதைச் சரக்குக் குறியீட்டோடு எழுதுங்கள்

விண்ணப்பத்தில் "மசாலாப் பொருட்கள் ஏற்றுமதி" என்று எழுதினால் போதாது. எந்தெந்தப் பொருளோ அதன் எச்எஸ் குறியீட்டை, அதாவது சுங்கத்தில் பொருளை அடையாளம் காட்டும் எண்ணைத் தர வேண்டும். பட்டை 0906, அன்னாசிப்பூ 0909. நான் முதலில் பட்டையை மட்டும் எழுதிவிட்டு, அன்னாசிப்பூவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். சேர்ப்பதற்குச் சான்றிதழையே திருத்த வேண்டும் என்று வக்கீல் தடுத்தார். பின்னாளில் வாங்க வாய்ப்புள்ள மிளகு, முந்திரி எல்லாவற்றையும் முதல் நாளே பட்டியலில் போடுங்கள்.

இறக்குமதி, ஏற்றுமதி, மொத்த விற்பனை ஆகியவற்றுக்குப் பெரும்பாலான பொருள்களில் தனி வணிக உரிமம் வேண்டாம். சில்லறை விற்பனை என்று ஒரு வரி சேர்த்தால் அதற்குத் தனி உரிமம், கடைக்குத் தனி அனுமதி என்று மாதங்கள் நீளும். ஏற்றுமதிதான் உங்கள் நோக்கம் என்றால் அந்த வரியைச் சேர்க்கவே வேண்டாம்.

அடுத்தது என் மொத்தத் திட்டத்தையே மாற்றிய விஷயம். வான் யென் என்ற ஊர் பட்டைக்குப் பேர்போனது. அப்போது யென் பாய் மாகாணம், 2025 ஜூலைக்குப் பிறகு லாவ் காய். மலைச்சரிவு முழுக்கப் பட்டை மரம்தான். அறுவடைக் காலத்தில் வீட்டு வாசல், சாலையோரம் எங்கு பார்த்தாலும் உரித்த பட்டை வெயிலில் காயும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வாசனை வரும். விவசாயி ஒருவர் ஒரு துண்டை ஒடித்து, உள்பக்கத்தை நகத்தால் கீறி முகர்ந்து பார்க்கச் சொன்னார். எண்ணெய்ப் பசை நகத்தில் ஒட்டியது. அவரிடமே நேரடியாக வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அந்த ஆசைக்குச் சட்டத்தில் இடமில்லை. 2018ஆம் ஆண்டின் ஒன்பதாம் எண் அரசாணைப்படி, வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனியின் ஏற்றுமதி உரிமை என்பது வியாபாரிகளிடம் வாங்கி ஏற்றுமதி செய்யும் உரிமை. வியாபாரியாகப் பதிவு செய்யாதவரிடம், அதாவது விவசாயியிடம், நேராக வாங்குவது அதில் சேராது. நடுவில் பதிவு பெற்ற கூட்டுறவோ பதப்படுத்தும் நிறுவனமோ இருக்க வேண்டும். விவசாயியிடமே வாங்கப் போகிறேன் என்று கணக்குப் போட்டு யாரும் விலை நிர்ணயிக்காதீர்கள். நல்ல கூட்டுறவைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் உண்மையான வேலை. நான் அதற்கு ஆறு நாள் ஒதுக்கினேன்; இரண்டு வாரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

5. அலுவலக முகவரி

அடுக்குமாடிக் குடியிருப்பில் கம்பெனி முகவரி வைக்க முடியாது. குடியிருப்பு வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதை வீட்டுவசதிச் சட்டம் தடை செய்கிறது. வாடகைக்குப் பார்த்தவுடன் முன்பணம் கொடுக்காமல், நில உரிமைச் சான்றிதழின் நகலை முதலில் கேளுங்கள். அங்கே அதைச் சிவப்புப் புத்தகம் என்பார்கள். அதில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பெயரும் ஒன்றா, அந்தக் கட்டடத்தை அலுவலகமாக வாடகைக்கு விட அனுமதி உண்டா என்று வக்கீல் பார்க்கட்டும். எனக்கு முதலில் இடம் காட்டியவர் உள்வாடகைக்காரர். மூல ஒப்பந்தத்தைக் காட்ட அவரிடம் இல்லை. ஒரு மாத வாடகை போனது.

சிறிய பகிர்வு அலுவலகம் மாதம் 250 டாலருக்குக் கிடைத்தது. 2025 ஜூலையில் மாவட்டம் என்ற அடுக்கையே நாடு முழுக்க எடுத்துவிட்டதால், பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரியும் புது முகவரியும் ஒத்துப்போகாது. ஒப்பந்தத்தில் இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

6. இந்தியக் காகிதங்களுக்குச் சான்றொப்பம்

பாஸ்போர்ட் நகலை வியட்நாமிலேயே, மூலத்தைக் காட்டி நோட்டரி செய்துகொள்ள முடிந்தது. இந்தியாவிலிருந்து முறையாகக் கொண்டுபோக வேண்டிய முக்கியக் காகிதம் வங்கி இருப்புச் சான்று. நீங்கள் போடப்போகும் மூலதனத்துக்குக் குறையாமல் பணம் இருப்பதாக அது காட்ட வேண்டும்.

ஒரே முத்திரையோடு காகிதங்களை நாடுகள் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் நான் போனபோது வியட்நாம் இல்லை. அதனால் நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், கடைசியாகத் தில்லியில் உள்ள வியட்நாம் தூதரகம் என்று ஒவ்வொரு படியாக முத்திரை வாங்க வேண்டியிருந்தது. ஏஜென்ட் மூலம் 18,000 ரூபாய், 24 நாள். பெயர்ச் சிக்கலால் இதை இரண்டு முறை செய்தேன். முத்திரை எல்லாம் வாங்கிய பிறகு வியட்நாமிய மொழியில் பெயர்த்து, அங்கே நோட்டரி செய்ய வேண்டும். வங்கிச் சான்றை இரண்டு மூலப்பிரதியாக வாங்கி இரண்டுக்குமே முத்திரை வாங்குங்கள். ஒன்று விண்ணப்பத்தோடு போய்விடும், வங்கிக் கணக்கு திறக்கும்போது இன்னொன்று கேட்பார்கள்.

7. இரண்டு சான்றிதழ்கள்

நான் போன வரிசையில் முதலில் முதலீட்டுப் பதிவுச் சான்றிதழ், பிறகு நிறுவனப் பதிவுச் சான்றிதழ். முதலாவதுக்குச் சட்டம் சொல்லும் கெடு, விண்ணப்பம் முறையாக இருந்தால் 15 நாள். இரண்டாவதுக்கு மூன்று வேலை நாள். முறையாக இருந்தால் என்பதை மறக்காதீர்கள். ஒரு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். என்னுடையது ஒரு முறை திரும்பியது. திட்ட விளக்கத்தில், எத்தனை ஆட்கள், முதல் வருஷம் எத்தனை டன், யாரிடம் வாங்குவீர்கள் என்ற இடங்களில் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தோம். கூட்டுறவோடு போட்ட உத்தேச ஒப்பந்தத்தை இணைத்ததும் ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டுக்கும் சேர்த்து வக்கீல் கட்டணம் எனக்கு 1,900 டாலர். 700 டாலருக்கு முடித்துத் தருகிறேன் என்றவரும் இருந்தார். மொழிபெயர்ப்பு, நோட்டரி, கணக்குத் திறப்பு எதுவும் அதில் சேரவில்லை. விலையைக் கேட்கும்போது எதெல்லாம் சேரும் என்று பட்டியலாகக் கேளுங்கள்.

8. 90 நாளுக்குள் பணம்

நிறுவனப் பதிவுச் சான்றிதழ் கையில் வந்த நாளிலிருந்து 90 நாள். அதற்குள் மூலதனம் முழுவதும் கம்பெனிக்கு வந்துசேர வேண்டும். வராவிட்டால் மூலதனத்தைக் குறைத்துப் பதிவை மாற்ற வேண்டும். அதையும் தாமதித்தால் அபராதம். மூலதனம் 300 கோடிக்குக் கீழே இறங்கினால் மூன்றாம் படி விசாவும் போச்சு.

பணம் போக வேண்டிய இடம் நேரடி முதலீட்டு மூலதனக் கணக்கு என்ற தனிக் கணக்கு. அன்றாட வரவு செலவுக் கணக்கு வேறு. உங்கள் பெயரில் உள்ள இந்தியக் கணக்கிலிருந்து இந்த மூலதனக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். அண்ணன் கணக்கிலிருந்து அனுப்பினாலோ, அங்கே உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்பி எடுத்துப் போட்டாலோ, ரொக்கமாகக் கொண்டுபோனாலோ அது மூலதனமாகச் சேராது. பின்னால் லாபத்தை வெளியே அனுப்பும்போது இந்தக் கணக்கின் வரலாற்றைத்தான் வங்கி பார்க்கும்.

சரி, இந்தியப் பக்கம் என்ன? 2022 ஆகஸ்ட் 22 முதல் வெளிநாட்டு முதலீட்டுக்குப் புது விதிகள் நடைமுறையில் உள்ளன. தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தின் வரம்புக்குள், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் சாதாரணமாகப் பணம் அனுப்புவது போல் அனுப்பக் கூடாது. வங்கி மூலமாக வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்சி படிவம் கொடுத்து, அந்த முதலீட்டுக்கு ரிசர்வ் வங்கி தரும் யுஐஎன் என்ற அடையாள எண் கிடைத்த பிறகுதான் முதல் ரூபாய் போக வேண்டும். இந்த வேலையைத் தினமும் செய்கிற கிளைகள் குறைவு. எங்கள் ஊர்க் கிளையில் அந்தப் படிவத்தையே யாரும் பார்த்திருக்கவில்லை. கோப்பு மதுரை போய், சென்னை போய், பான் பெயர் வேறு என்று திரும்பி வந்து, எண் வர ஏழு வாரம் ஆனது. என் 90 நாளில் 49 நாள் இதில் கரைந்தது. பணம் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிய பத்து நாள்தான் பாக்கி.

நீங்கள் செய்ய வேண்டியது: வியட்நாமில் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, வெளிநாட்டு முதலீட்டைக் கையாளும் பெரிய கிளையில் கணக்கு வைத்து, அவர்கள் கேட்கும் காகிதங்களின் பட்டியலை வாங்கி, ஆடிட்டர் சான்று உட்பட எல்லாக் காகிதத்தையும் தயாராக வையுங்கள். சான்றிதழ் வந்த அன்றே கோப்பு உள்ளே போக வேண்டும். இந்தப் பணத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது. எல்ஆர்எஸ்ஸில் முதலீட்டுக்காக அனுப்பும் பணத்துக்குக் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

அப்புறம் டிசிஎஸ், அதாவது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. எல்ஆர்எஸ்ஸில் இப்படி முதலீட்டுக்கு அனுப்பும்போது, வரம்பைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வங்கியே பிடித்துக்கொள்ளும். 2023 அக்டோபர் 1க்கு முன் இது 5 சதவீதம். நான் அனுப்பியபோது இந்த வரி வரம்பு 7 லட்சம் ரூபாய். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம். ஒரு கோடிக்கு அனுப்பிய எனக்கு 19 லட்சத்துக்கு மேல் பிடித்தார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பி வரும். ஆனால் அது வரும் வரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. முதல் சரக்கு வாங்க வைத்திருந்த பணம்தான் எனக்கு அதில் போனது. ஆகவே மூலதனம் ஒரு கோடி என்றால் கையில் ஒரு கோடியே 20 லட்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அனுப்பும் தொகையில் சில நூறு டாலர் கூடுதலாக வையுங்கள். நடுவில் உள்ள வங்கிகள் கட்டணம் பிடிக்கும், டோங்கின் மதிப்பும் மாறும். 300 கோடிக்கு ஒரு டோங் குறைந்தாலும் குறைவுதான்.

9. கம்பெனி தொடங்கிய பின் வரும் மாதச் செலவு

வரி தாக்கல், இ-இன்வாய்ஸ் எல்லாம் இணையத்தில்தான். அதற்கு மின் கையெழுத்து டோக்கன் வாங்க வேண்டும். ஒரு இன்வாய்ஸ்கூடப் போடாத மாதமும் கணக்காளர் வேண்டும். வெளிக் கணக்காளருக்கு நான் மாதம் 150 டாலர் கொடுக்கிறேன். வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிகளுக்கு ஆண்டுத் தணிக்கை கட்டாயம். கம்பெனி சின்னது என்று விலக்கு கிடையாது. டிசம்பரில் ஆண்டு முடித்தால் மார்ச் இறுதிக்குள் தணிக்கை அறிக்கை கொடுக்க வேண்டும்.

ஏற்றுமதிக்கு வாட் பூஜ்யம். வாங்கும்போது கட்டிய வாட் 30 கோடி டோங் சேர்ந்த பிறகுதான் திரும்பக் கேட்க முடியும். கூட்டுறவுக்குப் பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்த பெரிய தொகைகளுக்கு வாட் திரும்பாது. 2 கோடி டோங்காக இருந்த இந்த வரம்பை 2025 ஜூலையில் 50 லட்சம் டோங்காக இறக்கிவிட்டார்கள். நம் பணத்தில் அது இருபதாயிரம் ரூபாய்கூட இல்லை.

10. முதல் கண்டெய்னர்

அங்கிருந்து வர வேண்டியவை: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், தாவர நலச் சான்றிதழ், பூச்சி போகப் புகையூட்டியதற்கான ஃபியூமிகேஷன் சான்றிதழ், சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டி ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தின் சுங்கச் சலுகை கேட்பதற்கான ஏஐ படிவச் சான்றிதழ். இந்தியாவில் தாவரத் தனிமைப்படுத்தல் துறையின் இறக்குமதி அனுமதியைச் சரக்கு ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

நான் பார்த்த, பக்கத்து வியாபாரிகள் மாட்டிக்கொண்ட தவறுகளைச் சொல்கிறேன். வியட்நாம் ஏற்றுமதியாளர்கள் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் சின்னமன் என்று எழுதிவிடுவார்கள். நம் சுங்கத்தில் இலங்கைப் பட்டை 090611, மற்றவை 090619. வியட்நாம் பட்டை காசியா என்ற வேறு வகை. எஃப்எஸ்எஸ்ஏஐயும் இரண்டுக்கும் தனித்தனித் தரம் வைத்திருக்கிறது. எல்லாக் காகிதத்திலும் காசியா என்றே இருக்கட்டும். முழுக் காசியாவுக்கு ஈரப்பத வரம்பு 12 சதவீதம். மலையில் மழை பெய்த வாரத்தில் வாங்கினால் இது எளிதில் தாண்டிவிடும். ஈரப்பதமானியைக் கையோடு கொண்டுபோய், மூட்டையின் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். மேல் அடுக்கு 11 காட்டிய மூட்டையில் அடியில் 15 வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஏஐ படிவத்தைக் கப்பல் கிளம்பும் சமயத்திலேயே வாங்குங்கள். அதிலுள்ள எடையும் குறியீடும் இன்வாய்ஸ் எண்ணும் மற்ற காகிதங்களோடு ஒத்துப்போக வேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் காசியாவுக்கு அடிப்படைச் சுங்கவரி 30 சதவீதம். சான்றிதழ் இருந்தாலும் முடிந்துவிடாது: 2020 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள, சுங்கச் சலுகை கேட்கும் சரக்கின் பிறப்பிடம் பற்றிய கரோட்டார் விதிகளின்படி, சரக்கு உண்மையிலேயே அங்கே விளைந்தது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். கூட்டுறவிடம் எந்த ஊர், எந்த அறுவடை என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உங்கள் வியட்நாம் கம்பெனியிலிருந்து உங்கள் குடும்பக் கடைக்கே அனுப்பினால் இன்னொன்றும் சேரும். வாங்குபவரும் விற்பவரும் உறவு என்றால் சுங்கத்தின் எஸ்விபி எனப்படும் சிறப்பு மதிப்பீட்டுப் பிரிவு விலையை ஆராயும். மறைக்காமல் முதல் பில்லிலேயே உறவைச் சொல்லிவிடுங்கள். ஒரே தரத்துக்கு வேறு வியாபாரிகள் கொடுத்த விலைப்பட்டியல்களைச் சேர்த்து வைத்திருந்தால் விளக்கம் சொல்ல எளிது.

நாட்காட்டி

தெத் என்னும் அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி 21 முதல் பிப்ரவரி 20 வரை ஏதாவது ஒரு தேதியில் வரும். 2024இல் பிப்ரவரி 10. அலுவலகங்கள் ஒரு வாரம் மூடும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் எந்த வேலையும் நகராது. உங்கள் 90 நாள் கெடு அந்த மூன்று வாரத்தில் முடியாதபடி விண்ணப்பத் தேதியைத் திட்டமிடுங்கள். பட்டை யென் பாய் பக்கம் மார்ச்–ஏப்ரலில் ஒரு முறை, ஆகஸ்ட்–செப்டம்பரில் ஒரு முறை உரிப்பார்கள். மார்ச் சரக்கு வேண்டும் என்றால் முந்தைய ஆகஸ்டிலாவது காகித வேலையைத் தொடங்க வேண்டும்.

கம்பெனி ஓடத் தொடங்கிய பிறகு இந்தியாவில் இரண்டு தேதிகள். முதலீட்டுக்கான அத்தாட்சியைப் பணம் அனுப்பிய ஆறு மாதத்துக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31க்குள் ஏபிஆர் எனப்படும் ஆண்டறிக்கையும் போக வேண்டும். வியட்நாம் தணிக்கை அறிக்கை மார்ச்சிலேயே தயாராகிவிடுவதால் அப்போதே ஆடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்தப் பங்கையும், வெளிநாட்டுக் கணக்கில் உங்களுக்குக் கையெழுத்து அதிகாரம் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். லாபம் ஒரு ரூபாய்கூட வராத வருஷத்திலும் காட்ட வேண்டும். விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.